சீட்டில் எழுதிய ஊர்ப்பெயர்

நுழையும்முன்

அருங்காட்சியகம் என்றதும் சிலைகளும் செப்பேடுகளும் நாணயங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. பார்வையாளர் செல்லாத அதன் உள்ளறைகளில் பாம்பு, பல்லி, தவளை ஆகியவற்றின் உடல்கள் கண்ணாடிக் குடுவைகளில் வரிசை வரிசையாகக் காக்கப்படுகின்றன. அவற்றை எண்ணி, அளந்து, ஒப்பிட்டுப் பெயரிடுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட அறிவியலாளர் பலர். சேலம், நாமக்கல் மலைகளில் வாழும் இரண்டு பாம்புகளின் வரலாற்றின் வழியே அவர்களது பணியை அறிவோம்.

சமவெளி நடுவே மலைத்தீவுகள்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் வழியெங்கும் மரவள்ளியும் நிலக்கடலையும் சோளமும் விளையும் செம்மண் நிலம். இடையிடையே மரமற்ற கரடுகள். வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே இராசிபுரத்தை அடுத்துப் போதமலை, அதற்கும் அப்பால் வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை. கீழே நிற்பவருக்கு இம்மலைகள் ஒன்றையொன்று அடுத்து நிற்பனவாகத் தோன்றும். மலை உச்சியின் ஈரமண்ணில் வாழும் சிற்றுயிருக்கோ அவற்றின் இடையே கிடக்கும் வெப்பமான சமவெளி கடலுக்கு ஒப்பானது. அதனால் இம்மலைகளைத் தீவுகள் என்றே கருதலாம்.

அத்தகைய சிற்றுயிர்களுள் ஒன்று கேடயவால் பாம்பு. இந்தியத் தீபகற்பத்திலும் இலங்கையிலும் அன்றி உலகில் வேறெங்கும் இக்குடும்பத்துப் பாம்புகள் இல்லை. கூரிய தலையால் மண்ணைத் துளைத்துச் செல்லும்; மண்புழுவே இதன் உணவு. முட்டையிடாமல் குட்டி ஈனும். நஞ்சற்றது. வால் வெட்டி எடுத்தது போல மழுங்கி, அதன் முனையில் சொரசொரப்பான ஒரு தகடு அமைந்திருக்கும். அதில் மண் ஒட்டிக்கொள்வதால், பாம்பு வளைக்குள் நுழைந்தபின் வாலே வளைக்கு அடைப்பாகிறது. காப்பித் தோட்டங்களில் குழி வெட்டும்போதும், மழைக்காலத்தில் கற்களைப் புரட்டும்போதும் சில நேரங்களில் வெளிப்படும். தலை எது, வால் எது எனப் பார்த்தவர் மயங்குவர். மயக்கம் அச்சமாக மாறினால் மண்வெட்டியே முடிவு கட்டிவிடும்.

பெயர் என்பது எளிய செய்தி அன்று. பிற மாவட்டத்தார் ஓணான் என்பதைக் கொங்குப் பகுதியினர் ஓடக்கான் என்பர். ஓர் உயிருக்குப் பல பெயர்கள் வழங்குவதுபோல, பல உயிர்களுக்கு ஒரே பெயர் வழங்குவதும் உண்டு. மண்ணில் வாழும் பாம்புகள் பலவும் மண்ணுளி என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. வாழ்க்கைக்கு இது போதும். எந்த மலையில் எந்த உயிர் வாழ்கிறது, அது வேறெங்கும் உண்டா எனக் கேட்கும் அறிவியலுக்கு இது போதாது.

சேர்வராயனில் கிடைத்த பாம்பு

சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடப்பட்டது 1820களில். சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் அதனைத் தொடங்கி வைத்தார். அதன்பின் ஏற்காட்டில் ஆங்கிலேயர் குடியேறினர். இயற்கை ஆர்வலர்களும் வந்தனர். சென்னை மாகாணத்தில் மருத்துவராக விளங்கிய ஜான் ஷார்ட் அவர்களுள் ஒருவர். தென்னிந்திய மலைத்தொடர்களைப் பற்றி அவர் விரிவாக எழுதியுள்ளார்.

அக்காலத்தில் சென்னை மாகாண வனத்துறையில் உயர்பொறுப்பு வகித்தவர் ரிச்சர்டு ஹென்றி பெடோம் (1830–1911). படைவீரராக இந்தியா வந்தவர். பெரணிச் செடிகளைப் பற்றியும் காட்டு மரங்களைப் பற்றியும் பெருநூல்கள் எழுதியவர். காடுகளை அளக்கச் சென்ற இடமெல்லாம் கேடயவால் பாம்புகளையும் தேடித் திரட்டினார். சேர்வராயன் மலையில் கிடைத்த ஒன்றைப் புதிய சிற்றினம் என உணர்ந்து, 1863ஆம் ஆண்டு லண்டன் விலங்கியல் கழகத்தின் இதழில் விளக்கி எழுதினார். தம் நண்பராகிய மருத்துவரின் நினைவாகச் சிலிபூரா ஷார்ட்டியை எனப் பெயரிட்டார். இன்று அது யூரோபெல்டிஸ் என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டுள்ளது.

இத்தகைய பெயர்களில் கண்டெடுத்தவரின் நண்பரோ தலைவரோ இடம்பெறுவதே அக்கால வழக்கம். மண்ணைக் கிளறிப் பாம்பை வெளிக்கொணர்ந்த மலைவாழ் மக்களின் பெயரை அந்நூல்களில் காண்பது அரிது. இக்குறையையும் சேர்த்தே அந்நூல்களைப் படிக்கவேண்டும்.

குடுவைகளின் நடுவே ஒரு வாழ்க்கை

பெடோம் திரட்டிய பாம்புகள் பல லண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. அங்கே அவற்றைப் பெற்றுக்கொண்டவர் ஆல்பர்ட் குந்தர் (1830–1914). செருமனியில் பிறந்து, 1857இல் அருங்காட்சியகத்தில் சேர்ந்து, 1875 முதல் 1895 வரை விலங்கியல் பிரிவின் காப்பாளராக விளங்கியவர். இந்திய ஊர்வனவற்றைப் பற்றிய அவரது பெருநூல் 1864இல் வெளிவந்தது. உலகெங்கும் ஆண்டுதோறும் வெளியாகும் விலங்கியல் ஆய்வுகளைத் தொகுக்கும் ஆண்டுப் பதிவேட்டையும் அதே ஆண்டில் அவர் தொடங்கினார்.

குந்தரின் அழைப்பை ஏற்று 1880இல் லண்டன் வந்தவர் ஜார்ஜ் ஆல்பர்ட் பூலெஞ்சர். பெல்சிய நாட்டின் பிரசல்சு நகரில் 1858இல் பிறந்தவர். தம் நாட்டு அருங்காட்சியகத்தில் சிறிது காலம் பணியாற்றியிருந்தார். லண்டனில் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பணி, அருங்காட்சியகத்திலிருந்த ஊர்வன, இருவாழ்விகள் அனைத்துக்கும் விளக்கப் பட்டியல் தயாரிப்பதாகும். பட்டியல் என்றால் கடைக்கணக்கு போன்றது என எண்ணிவிடலாகாது. ஒவ்வொரு குடுவையையும் திறந்து, உள்ளிருக்கும் உடலை வெளியே எடுத்து, செதில் வரிசைகளை எண்ணி, பற்களையும் எலும்பையும் நோக்கி, உலகின் பிற நூல்கள் அதைப் பற்றிக் கூறியவற்றோடு ஒப்பிட்டு, இது இன்னது என முடிவுசெய்து எழுதவேண்டும். ஓரிடத்தில் தவறினால் பின்வரும் தலைமுறை முழுவதும் அத்தவற்றைச் சுமக்கும்.

1882இல் தவளைகளுக்கும் வாலுள்ள இருவாழ்விகளுக்கும் தனித்தனியே இரு தொகுதிகள் வெளிவந்தன. 1885 முதல் 1887 வரை பல்லிகளுக்கு மூன்று. 1889இல் ஆமைகளுக்கும் முதலைகளுக்கும் ஒன்று. 1893, 1894, 1896 ஆகிய ஆண்டுகளில் பாம்புகளுக்கு மூன்று. இடையே 1890இல், இந்திய நிலப்பகுதியின் ஊர்வனவற்றையும் இருவாழ்விகளையும் தொகுத்துரைக்கும் தனிநூல் ஒன்றையும் முடித்தார். நம் வயல்வெளித் தவளை முதல் ஏற்காட்டுப் பாம்பு வரை அனைத்தும் முதன்முறையாக ஒரே சீரான முறையில் விளக்கப்பட்ட நூல்களுள் அது முதன்மையானது.

அவரது நினைவாற்றல் வியப்புக்குரியதாகப் பேசப்பட்டது. தாம் ஒருமுறை கண்ட உயிரின் பெயரையும் அதைக் கூறும் நூலையும் மறவாதவர் என்பர். 1920இல் ஓய்வு பெற்றபோது எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதியிருந்தார். அவர் புதிதாக விளக்கிய மீன்களின் எண்ணிக்கை 1096, இருவாழ்விகள் 556, ஊர்வன 872. ஓய்வுக்குப்பின் ஐரோப்பியக் காட்டு ரோசாச் செடிகளை வகைப்படுத்துவதில் ஈடுபட்டு அதிலும் நூல் எழுதினார். 1937இல் மறைந்தார். எண்களைக் கண்டு மலைப்பதைவிட, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் ஒரே வகைப் பணியைச் சலிப்பின்றிச் செய்த மனத்திண்மையே எண்ணத்தக்கது.

தெரிந்து தெளிவோம்

ஊர்வனவும் இருவாழ்விகளும் உடலமைப்பில் பெரிதும் வேறுபட்டவை. ஆயினும் இரண்டையும் ஆராய்வது ஒரே துறையாக வழங்கி வருகிறது. வகைப்பாட்டியலின் தந்தை எனப்படும் லின்னேயசு 1758இல் இரண்டையும் ஒரே வகுப்பில் வைத்தார். பிற்காலத்தார் அவற்றைப் பிரித்தபின்னும் ஆராய்வோரும் அருங்காட்சியக அறையும் ஒன்றாகவே நீடித்தன.

மாதிரியும் சீட்டும்

ஒரு பாம்பு அருங்காட்சியக மாதிரியாக மாறும் முறை பொறுமை மிக்கது. வனத்துறையின் முன்அனுமதியோடு பிடிக்கப்பட்ட உயிர், துன்பமின்றி உயிர்நீக்கப்படும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின் இவ்வனுமதி இன்றி எவரும் இப்பணியைச் செய்ய இயலாது. உடலின் நிறங்கள் உடனே குறித்துக்கொள்ளப்படும்; ஏனெனில் மஞ்சளும் சிவப்பும் குடுவைக்குள் வெளுத்துவிடும். கல்லீரலிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துத் தூய ஆல்கஹாலில் தனியே வைப்பர். பின்னர் உடலுக்குள் ஃபார்மலின் செலுத்திச் சில நாள்கள் இறுகவிட்டு, நீரில் கழுவி, நூற்றுக்கு எழுபது பங்கு ஆல்கஹால் உள்ள குடுவையில் இடுவர். ஃபார்மலின் மரபுப்பொருளைச் சிதைக்கும் என்பதாலேயே கல்லீரல் துண்டு முன்னரே தனியாக எடுக்கப்படுகிறது. ஆல்கஹால் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆண்டுதோறும் பார்த்து நிரப்பவேண்டும். நிரப்ப மறந்த குடுவையில் எஞ்சுவது காய்ந்த தோல் மட்டுமே.

இவை அனைத்தினும் இன்றியமையாதது மாதிரியோடு நூலால் கட்டப்படும் சிறு சீட்டு. எந்த ஊர், எந்த மலை, எவ்வளவு உயரம், எந்த நாள், யார் எடுத்தது என்பன அதில் எழுதப்படும். சீட்டற்ற பாம்பு பெயரறியாப் பிணத்துக்கு ஒப்பாகும். சீட்டில் பிழையிருப்பதோ அதனினும் தீது.

இதற்குச் சான்று ஒன்று உண்டு. 1829இல் பிரெஞ்சு அறிஞர் குவியே ஒரு கேடயவால் பாம்புக்கு யூரோபெல்டிஸ் சிலானிகஸ் எனப் பெயரிட்டார். சிலோனில் வாழ்வது என்பது அதன் பொருள். அந்தப் பாம்போ இலங்கையில் இல்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்கிறது. முதலில் இட்ட அறிவியல் பெயரை, பொருள் பொருந்தவில்லை என்பதற்காக மாற்ற விதிகள் இடந்தருவதில்லை. ஆகவே இலங்கையைக் காணாத அப்பாம்பு இன்றளவும் இலங்கையின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மறைந்த பெயர் மீண்டது

சேர்வராயன் பாம்பின் கதை இந்தச் சிலானிகஸ் பாம்போடுதான் பின்னிக்கொண்டது. பூலெஞ்சருக்குப்பின் இந்திய ஊர்வனவற்றைத் தொகுத்தவர் மால்கம் ஸ்மித் (1875–1958). சயாம் அரசவையில் மருத்துவராக இருந்து, ஓய்வுக்குப்பின் லண்டன் அருங்காட்சியகத்தில் அமர்ந்து ஆராய்ந்தவர். 1931, 1935, 1943 ஆகிய ஆண்டுகளில் அவரது மூன்று தொகுதிகள் வெளிவந்தன. பாம்புகளுக்குரிய 1943ஆம் ஆண்டுத் தொகுதி, இன்றும் இத்துறையினர் கையிலிருந்து அகலாத நூல். அந்நூலில் சேர்வராயன் பாம்புக்குத் தனியிடம் இல்லை. சிலானிகஸ் என்னும் சிற்றினத்துக்குள் அது அடக்கப்பட்டது.

ஸ்மித்தைக் குறைகூறுவதற்கில்லை. வெளுத்துப்போன சில உடல்களைக் கொண்டு முடிவெடுக்க வேண்டிய நிலை அது. மண்ணுக்குள் வாழும் பாம்புகள் உருவில் ஒத்திருப்பதும் இயல்பே. ஆயினும் அம்முடிவின் விளைவு பெரிது. ஒரு சிற்றினத்தின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கினால், அதைத் தேடுவோர் இல்லை. அது குறைகிறதா, பெருகுகிறதா எனக் கேட்போரும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் அப்பாம்பு ஏராளம் என்று கூறி, சேர்வராயனில் அது அழிவதைக் கவனியாமல் விட்டுவிடலாம். காப்பித் தோட்டங்களும் பாக்சைட்டுச் சுரங்கமும் கட்டடங்களும் பெருகிய மலையில் இது வெற்று அச்சம் அன்று.

எழுபது ஆண்டுகளுக்குப்பின் அக்கேள்வியைத் தமிழகத்து ஆய்வாளர்களே எழுப்பினர். சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தைச் சேர்ந்த ஏங்கல்ஸ், சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த கணேஷ், அவர்களுடன் இராமானுஜம் ஆகியோர் இப்பாம்புகளை மீண்டும் ஆராய்ந்தனர். பெடோம் எழுதிய விளக்கத்தையும் பிற்காலப் பதிவுகளையும் மலையில் கிடைத்த பாம்புகளையும் அருகருகே வைத்து நோக்கினர். 2014இல் வெளிவந்த அவர்களது ஆய்வுரை, சேர்வராயன் பாம்பு தனிச் சிற்றினமே என நிறுவியது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கு உரிய பாம்பாக அது மீண்டும் ஏற்கப்பட்டது. அவர்களது கேள்விக்குத் தொடக்கமாக அமைந்தது, 1863இல் பெடோம் தம் விளக்கத்தோடு எழுதிவைத்த மலையின் பெயரே.

போதமலையின் பாம்பு

இதற்கு ஓராண்டுக்குமுன், 2013இல், ஏங்கல்சும் கணேஷும் முற்றிலும் புதியதொரு கேடயவால் பாம்பை உலகுக்கு அறிவித்திருந்தனர். நாமக்கல் மாவட்டத்தின் போதமலை, கொல்லிமலைப் பகுதிகளைச் சேர்ந்த அது ரைனோபிஸ் என்னும் பேரினத்தைச் சார்ந்தது. இப்பேரினத்துப் பாம்புகளில் பெரும்பாலானவை இலங்கையில் வாழ்வன. இந்தியாவில் மிகச் சிலவே, அவையும் மேற்குத் தொடர்ச்சி மலையில் அறியப்பட்டவை. கிழக்கே தனித்து நிற்கும் நாமக்கல் மலையொன்றில் இப்பேரினம் வாழ்வது, இம்மலைகள் எல்லாம் ஒரு காலத்தில் ஈரக்காடுகளால் இணைந்திருந்தனவா என்ற கேள்வியை எழுப்புகிறது.

புதிய பாம்புக்கு ரைனோபிஸ் கோவெரி எனப் பெயரிட்டனர். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அறிவியலாளர் டேவிட் கோவரைச் சிறப்பிக்கும் பெயர் அது. கேடயவால் பாம்புகளையும், மண்ணுக்குள் வாழும் காலற்ற இருவாழ்விகளையும் ஆராய்ந்து வருபவர் அவர். இந்திய ஆய்வாளர்களோடு இணைந்து பல சிற்றினங்களை விளக்கியவர். குந்தரும் பூலெஞ்சரும் பணியாற்றிய அதே நிறுவனத்தின் அறிவியலாளர் ஒருவரை, சென்னையில் அமர்ந்து சிற்றினம் விளக்கும் தமிழக ஆய்வாளர்கள் சிறப்பிக்கிறார்கள். 1863இல் இங்குள்ள பாம்பின் பெயர் லண்டன் இதழில் வெளிவந்தது; இன்று பெயரிடுவோர் இங்கே இருக்கின்றனர். இம்மாற்றம் தானாக நிகழவில்லை.

சென்னையில் வளர்ந்த மரபு

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. 1885இல் அதன் கண்காணிப்பாளரான எட்கர் தர்ஸ்டனைத் தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய ஏழு தொகுதிகளுக்காக அறிவோம். அவரே 1888இல் தென்னிந்தியத் தவளைகளுக்கும் காலற்ற இருவாழ்விகளுக்கும் ஒரு பட்டியல் வெளியிட்டார் என்பதைப் பலர் அறியார். விடுதலைக்குப்பின் அதே அருங்காட்சியகத்தில் பணியாற்றிய சத்தியமூர்த்தி, அங்கிருந்த பல்லிகளையும் இருவாழ்விகளையும் முறையாக ஆராய்ந்து 1960களில் நூல்களாக எழுதினார். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் விலங்கியல் பிரிவிலிருந்து 1916இல் பிறந்த இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம், 1961இல் சென்னையில் தென்மண்டல நிலையத்தை அமைத்தது. குடுவைகள் நம் மண்ணிலேயே நிறையத் தொடங்கின; எண்ணுவோரும் ஒப்பிடுவோரும் இங்கேயே உருவாயினர்.

புலி, யானையை ஆராய்வோர்க்குக் கிடைக்கும் புகழ் இவர்களுக்குக் கிடைப்பதில்லை. நுண்ணோக்கியின் கீழ் ஒரு பாம்பின் உடல் நடுவே பதினேழு செதில் வரிசைகள் உள்ளன என எண்ணி எழுதும் வேலையைச் செய்தித்தாள் பாராட்டுவதில்லை. புதிய வகைப்பாட்டாளர்களின் எண்ணிக்கை குறைவே. ஒரு குடுவைக்காக உயிரைக் கொல்வது தகுமா என்ற கேள்வியும் அவர்கள்முன் வைக்கப்படுகிறது. கேட்கத்தக்க கேள்விதான். அதனாலேயே இன்றைய ஆய்வாளர் மிகச் சில மாதிரிகளையே எடுக்கிறார். ஒளிப்படமும் மரபணுத் துணுக்கும் போதுமான இடத்தில் உயிரை விட்டுவிடுகிறார். ஆயினும் புதிய சிற்றினம் ஒன்றை நிறுவ, பின்னாளில் எவரும் எடுத்துப் பார்த்துச் சரிபார்க்கத்தக்க மூலமாதிரி தேவைப்படுகிறது.

கேடயவால் பாம்புகளோடு இந்நிலத்தின் கணக்கு முடியவில்லை. ஏற்காட்டின் பெயரைத் தாங்கிய சிறு பல்லி 2000இல் விளக்கப்பட்டது. 2019இல் கொல்லிமலையின் பெயரோடு ஒரு பல்லியும், சேர்வராயனின் பெயரோடு மற்றொன்றும் அறிவியலுக்கு அறிமுகமாயின. அதே ஆண்டில் சங்ககிரியின் பாறைகளிலிருந்து இன்னொரு பல்லி விளக்கப்பட்டது. சங்ககிரிக் கோட்டையைக் காண மலையேறுவோர், பாறை இடுக்கிலிருந்து அது எட்டிப்பார்ப்பதைக் கவனியாமலே கடந்திருக்கக்கூடும். அதன் குடுவையிலும் ஒரு சீட்டு கட்டப்பட்டுள்ளது. அதில் எழுதப்பட்டிருக்கும் மாவட்டம் சேலம்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் பல்லி, ஓணான், அரணை, தவளை, தேரை ஆகியவற்றுக்கு வழங்கும் பெயர்களை முதியோரிடம் கேட்டறிக. எந்தப் பெயர் எந்த உயிரைக் குறிக்கிறது, ஒரே பெயர் எத்தனை உயிர்களுக்கு வழங்குகிறது என்பதைக் கேட்ட இடம், நாள் ஆகியவற்றோடு குறித்து வகுப்பில் படித்துக் காட்டுக.

ஓர் உயிரைப் பிடிக்காமல், தொடாமல், தொலைவிலிருந்து பார்த்தே அதற்கொரு சீட்டு எழுதுக. இடம், நாள், நேரம், நிறம், அது செய்துகொண்டிருந்த செயல் ஆகியவை அதில் இடம்பெறுக. நண்பர் ஒருவர் அச்சீட்டைமட்டும் கொண்டு அவ்விடத்தைக் கண்டறிய முடிகிறதா எனச் சோதித்துப் பார்க்க.